ஹோம்ஸ்டே பலகையும் வாட்ஸ்அப் செய்தியும்: நிறுத்தக்குறிகளை எங்கே வைப்பது?

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் வாசலில் மாட்டும் பலகைக்கும் விருந்தினருக்கு அனுப்பும் செய்திக்குமான செய்முறை இது. முற்றுப்புள்ளி என்றால் என்ன என்பதையெல்லாம் தாண்டிவிடுவோம்.

1. முதலில் தாளில் எழுதுங்கள். குரல் தட்டச்சு வேண்டாம், குறிகளை விழுங்கிவிடும்.

2. பலரும் இடறுவது இங்கேதான்:

"வெளியே நடக்க வேண்டாம் இரவு 7 மணிக்குப் பிறகு காட்டெருமை வரும்"

'வேண்டாம்' என்பதற்குப் பின் புள்ளி வைத்தால் பகலில் நடப்பதற்கும் தடை. 'பிறகு' என்பதற்குப் பின் வைத்தால் தடை இரவுக்கு மட்டும். ஆனால் காட்டெருமை எந்நேரமும் வரும் என்றாகிறது. பேச்சில் நேரத்தைக் கடைசியில் ஒட்டிச் சொல்கிறோம், குரல் அதைப் பிரித்துக் காட்டிவிடும். எழுத்தில் குரல் இல்லை. புள்ளியை மட்டும் நம்பாமல் நேரத்தை முன்னே கொண்டுவாருங்கள்:

"இரவு 7 மணிக்குப் பிறகு வெளியே நடக்க வேண்டாம். அந்நேரம் காட்டெருமை வரும்."

'மழை பெய்தால்', 'கரன்ட் போனால்' போன்றவற்றுக்கும் இதே வைத்தியம்.

3. "பழைய தேயிலைக் கிடங்கின் கதவு": பழையது கிடங்கா, கதவா? 'பழைய' என்பதற்குப் பின் காற்புள்ளி போடச் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. "தேயிலைக் கிடங்கின் பழைய கதவு" என்று மாற்றினால் குறியே தேவையில்லை.

4. பட்டியல்: "கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு ஆகியவை கிடைக்கும்." 'ஆகியவை' என்பதற்கு முன் காற்புள்ளி வேண்டாம். "கேரட்டும் பீட்ரூட்டும்" என்று எழுதினால் 'உம்' போதும்.

5. "ரூம் இருக்கு" என்பது பதில், "ரூம் இருக்கு?" என்பது கேள்வி. "இ-பாஸ் எடுத்தாச்சு?" என்று கேட்கும்போதும் வினாக்குறியை விடாதீர்கள். மூன்று உணர்ச்சிக்குறி போட்டால் விருந்தினருக்கு அதட்டலாகத்தான் கேட்கும்.

(பனையோலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்கே புள்ளி வைக்காமல் விட்டதுண்டு. வாட்ஸ்அப்புக்கு அந்தச் சாக்கு செல்லாது.)

பின்சேர்க்கை: பலகை எழுதுபவர் காற்புள்ளியை விட்டுவிடுகிறார், வைத்தாலும் மூடுபனியில் தெரிவதில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். பலகையில் காற்புள்ளியே வராதபடி எழுதுங்கள்: ஒரு வரிக்கு ஒரு வாக்கியம், வரிகளுக்கு நடுவே ஓர் எழுத்தின் உயரம் இடைவெளி. நேரத்தை '7.00' என்று எழுத வேண்டாம். புள்ளி பாசியில் மறைந்தால் 700 ஆகிவிடும். 'இரவு 7 மணி' போதும்.