பிடித்த சுஷி கடைக்குப் பல வருஷம் கழித்துப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

டோக்கியோவில் தனக்குப் பிடித்த செஃப்பின் கவுண்டருக்குப் பல வருஷம் கழித்துத் திரும்பி வருகிறவர்களைப் பக்கத்து இருக்கையிலிருந்து நிறையப் பார்க்கிறேன். ஒரு காலத்தில் நான் செய்ததையே செய்கிறார்கள். குச்சியைச் சோற்றில் குத்தி நிறுத்தக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மாதத்தைப் பார்க்காமல் அன்று சாப்பிட்ட மீனையே கேட்பது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். ஒரு ஆகஸ்ட் மாதம், டோக்கியோவின் கின்சா பகுதியில் என் அருகே உட்கார்ந்தவர் முன்பு வந்தது ஜனவரியில். உட்கார்ந்ததுமே "புரி இருக்கிறதா?" என்று ஒரு குளிர்கால மீனைக் கேட்டார். இல்லை என்று செஃப் பணிவாகச் சொன்னார். அடுத்த துண்டு வந்ததும் மறுபடி அதே கேள்வி. அப்போது அவர் முன் வந்தது ஷின்கோ, அதாவது கோஹாதா மீனின் குஞ்சு. கோடையில் கொஞ்ச நாள்தான் கிடைக்கும், விலையும் எக்கச்சக்கம். ஒவ்வொரு குஞ்சையும் பிளந்து, முள்ளெடுத்து, உப்பிட்டு, வினிகரில் நனைத்தெடுக்க வேண்டும். உப்பு கொஞ்சம் கூடினாலும் போயிற்று. ஒரே ஒரு சுஷிக்குப் பல குஞ்சுகள் தேவைப்படும். மனுஷர் ஒரு கடி கடித்துத் தள்ளி வைத்தார். "கடை முன்னே மாதிரி இல்லை" என்று நண்பரிடம் வேறு சொன்னார்.

கடை அப்படியேதான் இருந்தது. புரி குளிர்காலத்தில் வடக்கிலிருந்து இறங்கி வரும்போதுதான் கொழுத்திருக்கும். டொயாமா விரிகுடாவில் அப்போது பிடிபடுவதற்குத் தனி மவுசு. வசந்தத்தில் முட்டையிட்ட பிறகு மெலிந்துவிடும். சூரை மீனும் இப்படித்தான்: வசந்தத்தில் வடக்கே போகும்போது கொழுப்பில்லாமல் இருக்கும், இலையுதிர் காலத்தில் திரும்பும்போது கொழுத்திருக்கும். அன்றைய ருசிதான் வேண்டுமென்றால் அதே மாதத்தில் முன்பதிவு செய்யுங்கள். பழைய போட்டோக்களில் தேதி இருக்கும், பாருங்கள். வேறு மாதத்தில்தான் போக முடியுமா? சரி, எதைத் தருவது என்பதை முழுக்க செஃப்பிடம் விட்டுவிடுங்கள். அன்று காலை டொயோசு சந்தையில் எது நன்றாக இருந்தது என்பது அவருக்குத்தான் தெரியும்.

செஃப் நிற்பாரா என்று விசாரிக்காமல் போவது

பெயர்ப்பலகை அதே பெயராக இருக்கும், உள்ளே மகனோ சீடரோ நிற்பார். முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். பழைய வழியில் இடம் கிடைக்கும் என்றும் நம்பாதீர்கள். பொதுமக்கள் முன்பதிவு செய்ய முடியாத நிலை வந்ததால், சுகியபாஷி ஜிரோ என்ற புகழ்பெற்ற சுஷி கடையின் கின்சா கிளை 2019இல், உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிஷ்லின் பட்டியலிலிருந்தே விலக்கப்பட்டது.

சோற்றைக் கவனிக்காமல் மீனைக் குறை சொல்வது

இடையில் செஃப் வெள்ளை வினிகரிலிருந்து, சாக்கே என்ற அரிசி மதுவின் மண்டியைப் பல வருஷம் பழக வைத்துச் செய்யும் சிவப்பு வினிகருக்கு மாறியிருக்கலாம். சோறு லேசாகப் பழுப்பாக இருந்தால் அதுதான் விஷயம். மீன் அதேதான் என்றாலும் வாயில் எல்லாம் வேறு மாதிரி இருக்கும்.

போட்டோ எடுத்துக்கொண்டே இருப்பது

சோறு உடல் சூட்டில் வருகிறது. ஆற விடாதீர்கள்.

சென்ட்

வேண்டாம்.

டிப்ஸ்

ஜப்பானில் கொடுக்கும் வழக்கமில்லை. பழகிய செஃப் என்றாலும்தான்.

பழங்கதை பேசி இடத்தைப் பிடித்துக்கொள்வது

சின்னக் கவுண்டர்களில் நீங்கள் எழுந்ததும் அதே இருக்கைகளுக்கு அடுத்த ஆட்கள் வரலாம். செஃப்பிடம் பேச ஆசை என்றால் அன்றைய கடைசி நேரத்துக்கு முன்பதிவு செய்யுங்கள். அப்போது அவருக்கும் பேச நேரம் இருக்கும்.