எடைக்குறைப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் பண்டிகைச் சாப்பாட்டை எப்படித் திட்டமிடுவது

எடை குறைவதற்காக எனக்கு இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் (இதய பைபாஸ் இல்லை) ஆகி மூன்று மாதத்தில் பண்டிகை வந்தது. வீடு நிறையச் சொந்தக்காரர்கள். நான் கவனமாகத்தான் இருந்தேன், தட்டில் இரண்டே இரண்டு கோழித்துண்டுதான் வைத்துக்கொண்டேன், அதுவும் கட்டைவிரல் நுனி அளவு. ஆனால் மத்தியானம்தான் சாப்பிடப் போகிறோமே என்று காலையிலிருந்து வெறும் வயிற்றோடு இருந்ததாலும், பக்கத்தில் சித்தப்பாவோடு பேச்சு சுவாரசியமாகப் போய்க்கொண்டிருந்ததாலும், இரண்டாவது துண்டைச் சரியாக மெல்லாமல் விழுங்கிவிட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, நெஞ்செலும்புக்குப் பின்னால் யாரோ விரலை வைத்து அழுத்துகிற மாதிரி ஒரு இறுக்கம். மூக்கு ஒழுக ஆரம்பித்தது, வாயில் எச்சில் ஊறி ஊறி நுரையாக வந்தது. எழுந்து உள்ளறைக்குப் போய் அரை மணி நேரம் ஒரு கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே எல்லோரும் சிரித்துப் பேசுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அன்றைக்கு நான் சாப்பிட்ட பொருளும் சரி, அளவும் சரி. தப்பு நேரத்திலும் வேகத்திலும் இருந்தது. அதனால்தான் சொல்கிறேன், மெனு எழுதுவதற்கு முன்னால் அன்றைய நாளின் கடிகாரத்தை எழுதுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு விஷயம். ஆபரேஷன் ஆகி ஆறு வாரமோ எட்டு வாரமோ ஆகவில்லை, இன்னும் திரவம், கூழ், மென்மையான உணவு என்று படிப்படியாக ஏறிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் பண்டிகையன்றும் அதே படிதான். உள்ளே தையல் போட்ட இடம் ஆறிக்கொண்டிருக்கிறது, அதற்குப் பண்டிகை தெரியாது. உங்களுக்கான சூப்பையோ அரைத்த உணவையோ ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு போங்கள், எல்லோரோடும் உட்கார்ந்து அதைச் சாப்பிடுங்கள். கீழே எழுதியிருப்பதெல்லாம் டாக்டரோ டயட்டீஷியனோ வழக்கமான சாப்பாட்டுக்கு அனுமதி கொடுத்த பிறகுதான்.

எவ்வளவு இடம் இருக்கிறது

பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியைப் பிரித்துச் சின்னப் பையாக்கிக் குடலோடு இணைக்கிறார்கள்; அந்தப் பை ஆரம்பத்தில் சுமார் 30 மில்லிதான் பிடிக்கும், அதாவது இரண்டு மேசைக்கரண்டி. ஸ்லீவ் என்ற இன்னொரு வகை எடைக்குறைப்பு ஆபரேஷனில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கும் மேல் எடுத்துவிடுகிறார்கள், மிச்சம் இருப்பது ஒரு ஒல்லியான குழாய். மாதங்கள் போகப்போக கொஞ்சம் கூடுதலாக இறங்கும், இருந்தாலும் ஒரு வேளைக்கு ஒரு சின்னக் கப் அளவுதான் பலருக்கும். இந்த இடத்துக்குள்தான் நாள் ஒன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் போக வேண்டும் என்று பெரும்பாலான டயட்டீஷியன்கள் சொல்வார்கள் (உங்களுக்குச் சொன்ன கணக்கு வேறாக இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்).

இதைப் பண்டிகைச் சாப்பாட்டில் வைத்துப் பாருங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். சமைத்த கோழி 30 கிராம் எடுத்தால் 8 அல்லது 9 கிராம். வெந்த பருப்பு அரை கப் என்றால் கிட்டத்தட்ட 9 கிராம், ஆனால் அது வயிற்றில் கோழியைவிட அதிக இடம் பிடிக்கும். ஒரு வேளைக்கு 15 முதல் 20 கிராம் வர வேண்டுமென்றால் முதல் ஐந்தாறு வாய் முழுக்கப் புரதமாகத்தான் இருக்க வேண்டும், அப்புறம் வெந்த காய்கறி, இடம் மிஞ்சினால் சாதமோ ரொட்டியோ. சாதத்தில் ஆரம்பித்தால் மூன்று வாயில் வயிறு நிரம்பிவிடும், புரதம் வெளியே நிற்கும். மென்மையான ரொட்டியும் ஒட்டுகிற மாதிரி குழைந்த சாதமும் இன்னும் மோசம், உள்ளே போய்ப் பிசைந்த மாவு மாதிரி உருண்டு அடைத்துக்கொள்ளும்.

கடிகாரம்

பண்டிகை வீட்டில் ஒரு மணிக்குச் சாப்பாடு என்று சொன்னால் இரண்டரைக்குத்தான் உட்காருவோம், இது நமக்கெல்லாம் தெரிந்த கதை. பழைய வயிறு அதைத் தாங்கும். இப்போது இருக்கிற வயிறு தாங்காது, பசியோடு உட்கார்ந்தால் கை தானாக வேகமெடுக்கும், வேகமெடுத்தால் என்ன ஆகும் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

அதனால் காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் முட்டையோ கெட்டித் தயிரோ புரோட்டீன் பானமோ ஒன்றை முடித்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போடவே வேண்டாம். அப்புறம் மத்தியானச் சாப்பாடு தாமதமாகும் என்று தோன்றினால் உங்களுடைய வழக்கமான நேரத்தில் உங்களுடைய சாப்பாட்டைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, எல்லோரும் உட்காரும்போது ஒரு சின்னத் தட்டில் இரண்டு ஸ்பூன் வைத்துக்கொண்டு கூட உட்காருங்கள். இரண்டாவது வருஷத்திலிருந்து நான் இப்படித்தான் செய்கிறேன், எனக்கு இது பெரிய நிம்மதி. சாப்பிடும் நெருக்கடி தீர்ந்துவிடுவதால் பேச்சில் முழுசாகக் கலந்துகொள்ள முடிகிறது.

தண்ணீருக்கும் நேரம் வேண்டும். சாப்பிடும்போது குடிக்கக் கூடாது, சாப்பிட்டு முடித்து 30 நிமிஷம் கழித்துத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நாளுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் போக வேண்டும், ஒரே மூச்சில் குடிக்கவும் முடியாது. விருந்தாளிகள் வருவதும் போவதுமாக இருக்கிற நாளில் முதலில் மறந்துபோவது இதுதான். ஒரு பாட்டிலில் நிரப்பிக் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள், மத்தியானத்துக்குள் பாதி காலியாகியிருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு 20 நிமிஷம், 30 நிமிஷம் ஒதுக்குங்கள். டீஸ்பூன் பயன்படுத்துங்கள். ஒரு வாய் வைத்தால் ஸ்பூனைக் கீழே வைத்துவிடுங்கள், கூழாகும் வரை மெல்லுங்கள், விழுங்கிய பிறகு பேசுங்கள். விக்கல், திடீர்த் தும்மல், மூக்கில் நீர், நெஞ்சில் லேசான அழுத்தம், இதில் எது வந்தாலும் அதுதான் உங்கள் வயிறு போதும் என்று சொல்கிற மொழி. அதற்கு மேல் ஒரு வாய்கூட வேண்டாம், அது எவ்வளவு ருசியாக இருந்தாலும் சரி.

சமையல்

உங்களுக்கென்று தனிச் சமையல் தேவையில்லை. பண்டிகை நாளில் தனியாக ஒரு சப்பென்ற கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மனசு வலிக்கும், சமைப்பவருக்கும் இரட்டை வேலை. எல்லோருக்கும் செய்கிற குழம்பிலிருந்தே, வெண்ணெய், க்ரீம், சர்க்கரை, அதிகக் காரம் எல்லாம் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு சின்னக் கிண்ணம் எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள். அதே மணம், அதே மசாலா, கனம் மட்டும் பாதி.

கறி வகைகளில் ஈரம்தான் எல்லாம். வறுத்த துண்டும் அனலில் வாட்டிய துண்டும் காய்ந்துபோய் தொண்டைக்குக் கீழே நின்றுவிடும். அதே கோழியை எலும்போடு சூப்பில் நன்றாக வேகவைத்து, ஆறிய பிறகு கையால் நூல் நூலாகப் பிய்த்து, அந்தச் சூப்பையே இரண்டு மூன்று ஸ்பூன் விட்டுக் கிளறிப் பாருங்கள், அழுத்தி மெல்லவே வேண்டாம் என்கிற பதத்துக்கு வந்துவிடும் (மெல்லத்தான் வேண்டும்!). மீன் இன்னும் சுலபம், ஆவியில் வெந்த மீன் விரலால் தொட்டாலே ஏடு ஏடாகப் பிரியும். சைவம் என்றால் குழைய வேகவைத்த பருப்பு, மென்மையான டோஃபு, கெட்டித் தயிர். சிலருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு பால் ஒத்துக்கொள்ளாமல் போகும், தயிர் பரவாயில்லாமல் இருக்கும், உங்களுக்கு எப்படி என்று பண்டிகைக்கு முன்பே பார்த்துவிடுங்கள். பொதுவாகவே புதிதாக ஒரு உணவைச் சோதிக்கிற நாள் பண்டிகை நாளாக இருக்கக் கூடாது, வீட்டில் சும்மா இருக்கிற ஒரு நாளில் ஒரு ஸ்பூன் சாப்பிட்டுப் பாருங்கள்.

நார் அதிகமான தண்டு, பழத்தோல், ஆரஞ்சுச் சுளையின் மேல் தோல் இதெல்லாம் சிக்கிக்கொள்ளும், எடுத்துவிடுங்கள்.

மிச்சமான கறியை மறுநாள் சூடு பண்ணும்போது கவனம். முதல் நாள் பஞ்சு மாதிரி இருந்தது மறுநாள் ரப்பராகிவிடும், பலருக்கும் அடைத்துக்கொள்வது இதில்தான். கொஞ்சம் சூப்போ வெந்நீரோ விட்டு, மூடி போட்டு, மெல்லிய தீயில் சூடு செய்யுங்கள்.

இனிப்பும் நொறுக்குத்தீனியும்

சர்க்கரை அதிகமானது சின்னப் பையிலிருந்து வேகமாகக் குடலுக்குள் இறங்கும்போது, அதைக் கரைக்க உடம்பு குடலுக்குள் நீரை இழுக்கும். சாப்பிட்ட 10 நிமிஷத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் வயிற்றைப் புரட்டும், படபடப்பு வரும், வியர்க்கும், வயிற்றுப்போக்கும் வரலாம். டம்பிங் என்று சொல்வது இதைத்தான். இன்னொரு வகை தாமதமாக வரும்: ஒரு மணியிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கிக் கை நடுங்கும், தலை சுற்றும். பைபாஸில் இது அதிகம், ஸ்லீவிலும் வரும், சிலருக்கு வரவே வராது.

இனிப்பே கூடாது என்று நான் சொல்லமாட்டேன், டாக்டர் அனுமதித்திருந்தால் ஒரு டீஸ்பூன் சாப்பிடுங்கள். ஆனால் வெறும் வயிற்றில் வேண்டாம், புரதம் சாப்பிட்ட பின்னால் சாப்பிடுங்கள். பழச்சாறு, சர்க்கரைத் தண்ணீர் மாதிரி குடிக்கிற இனிப்பை விட்டுவிடுங்கள், அதுதான் எல்லாவற்றையும்விட வேகமாக இறங்கும். 'சர்க்கரை இல்லாதது' என்று போட்டு விற்கிற மிட்டாய்களும் நம்பக்கூடியவை இல்லை, அதில் சேர்க்கிற மாற்று இனிப்புகளில் சில வயிற்றை ஊதவைத்துவிடும்.

இனிப்பைவிட எனக்குப் பயம் நொறுக்குத்தீனித் தட்டுதான். சாப்பாட்டு மேசையில் வயிறே நம்மை நிறுத்திவிடும். மொறுமொறுப்பானது அப்படியில்லை, வாயில் கரைந்து வழுக்கிக்கொண்டு இறங்கும், அரை மணிக்கொரு தடவை இரண்டு இரண்டாக எடுத்தால் சாயங்காலத்துக்குள் ஒரு கிண்ணம் காலி, வயிறு நிறைந்த உணர்வே இருக்காது. எடை திரும்ப ஏறுகிறதே என்று தவிப்பவர்கள் பலரிடம் பேசிப் பார்த்தால் பெரிய விருந்து காரணமாக இருக்காது, இந்தக் கொறிப்புதான் இருக்கும். தட்டு இருக்கிற அறையில் உட்காராதீர்கள். வேண்டுமென்றால் ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைத்து, ஒரு தடவை சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

சோடா வகைகள் வேண்டாம், வாயு உள்ளே போய் வலிக்கும். மது விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன்: பைபாஸுக்குப் பிறகு கொஞ்சம் குடித்தாலும் இரத்தத்தில் வேகமாகவும் அதிகமாகவும் ஏறும், ஸ்லீவ் ஆனவர்களும் பழைய அளவை நம்பக் கூடாது, ஆபரேஷனுக்குப் பின் குடிக்கு அடிமையாகும் ஆபத்து கூடுகிறது என்பதும் மருத்துவர்கள் அறிந்தது.

வற்புறுத்துபவர்கள்

அன்பாகத்தான் வைப்பார்கள். "என்ன இது, குருவி மாதிரி கொறிக்கிறே, இன்னும் ஒரே ஒரு வாய்" என்று அத்தை சொல்லும்போது மறுப்பது கஷ்டம். நான் இப்போது சொல்வது இதுதான்: "அத்தை, ருசி அப்படியே இருக்கு, இதுக்கு மேல இறங்காது, ஒரு டப்பாவில போட்டுக் குடுங்க, ராத்திரி சாப்பிடறேன்." டப்பா கேட்டவுடன் அவர்கள் முகம் மலர்ந்துவிடும். ஆபரேஷனைப் பற்றி எல்லோருக்கும் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை, விருந்து வைக்கிற வீட்டில் ஒருவருக்கு மட்டும் முதல் நாளே போன் செய்து சொல்லிவைத்தால் போதும், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

நீங்கள் விருந்து வைப்பவராக இருந்தால் ஒரு வேண்டுகோள், எங்கள் தட்டைப் பார்க்காதீர்கள், கேட்காமல் பரிமாறாதீர்கள். சின்னத் தட்டும் டீஸ்பூனும் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் அதுவே பெரிய உபசாரம்.

மாத்திரைகள், அப்புறம் மறுநாள்

பண்டிகைக் கலகலப்பில் விட்டமின் மாத்திரைகள் விட்டுப்போகும். போனில் அலாரம் வையுங்கள். கால்சியத்தையும் இரும்புச்சத்தையும் சேர்த்துப் போடாதீர்கள், குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். தலைவலி என்றால் வீட்டில் இருக்கிற இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரையை எடுத்துப் போட்டுவிடாதீர்கள், முக்கியமாக பைபாஸ் ஆனவர்கள், வயிற்றுக்குள் புண் வரலாம். எது போடலாம் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

ஒரு தடவை அடைத்துக்கொண்டு வாந்தி வந்தால் அன்றைக்குத் திரவத்தோடு நிறுத்தி வயிற்றுக்கு ஓய்வு கொடுங்கள். தண்ணீர்கூடத் தங்கவில்லை, ஒரு நாளைத் தாண்டியும் வாந்தி நிற்கவில்லை என்றால் விடுமுறை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், தொடர்ந்த வாந்தியில் தயமின் என்ற விட்டமின் சீக்கிரம் குறைந்து நரம்பையும் மூளையையும் பாதிக்கும். கடுமையான வயிற்றுவலி, காய்ச்சல், ஓயாத படபடப்பு, கறுத்த மலம் இதில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மறுநாள் காலை எடை மெஷினில் ஏற வேண்டாம். முதல் நாள் உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், ஒரு கிலோ கூடக் காட்டலாம், அதைப் பார்த்துப் பயந்து பட்டினி கிடந்தால் மத்தியானம் மறுபடி வேகமாகச் சாப்பிட வேண்டிவரும். வழக்கமான நேரத்தில் அதே முட்டை, அதே தயிர். எடை பார்ப்பதை நாலு நாள் தள்ளி வையுங்கள்.