கார் ஸ்டீரியோவும் ஸ்பீக்கரும்: கடலோரத்துக்காரர்கள் நீங்களே மாட்ட

முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். காருக்குப் பொருந்தும் கப்ளர் (காரின் ஒயரையும் ஸ்டீரியோ ஒயரையும் இணைக்கும் பிளக்) வாங்கினால் கம்பெனி ஒயரை வெட்ட வேண்டாம். ஸ்டீரியோவில் மஞ்சள் ஒயர் நிரந்தர 12 வோல்ட், சிவப்பு சாவி திருப்பினால் வருவது. மாறினால் வண்டியை அணைக்கும்போதெல்லாம் செட்டிங் அழியும். ஸ்பீக்கர் நெகட்டிவை பாடியில் எர்த் பண்ணினால் ஸ்டீரியோ காலி.

ஸ்பீக்கர் 4 ஓம் போதும். வாங்கும் முன் கண்ணாடியை முழுக்க இறக்கி, காந்தம் இடிக்குமா என்று அளந்து பாருங்கள். ஒரு கதவில் மட்டும் பிளஸ் மைனஸ் மாறினால் பேஸ் செத்துவிடும். 1.5 வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கரில் பிளஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ் தொட்டால் கோன் (ஸ்பீக்கரின் அதிரும் கூம்பு) வெளியே தள்ள வேண்டும்.

சென்னையின் காசிமேடு, திருவொற்றியூர் உப்புக்காற்றில் முறுக்கி டேப் சுற்றிய ஒயர் ஜாயின்ட் பச்சை பூக்கும்; கிரிம்ப் செய்து (உலோகக் குழாயில் வைத்து நசுக்கி) ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போடுங்கள். கதவுக்குள் மழைநீர் இறங்கத்தான் செய்யும், ஸ்பீக்கரை மாட்டும் எம்டிஎஃப் (மரத்தூள் பலகை) வளையம் ஊதும், பிளாஸ்டிக்கே மேல். கதவின் உள்ஷீட்டை (தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் ஷீட்) திரும்ப ஒட்டாவிட்டால் ஐப்பசி மழையில் மேட் நனையும்.