லைன்மேன் வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு

கம்பத்தில் ஏறி, இடுப்பு பெல்ட்டில் சாய்ந்துகொண்டு ஸ்பேனர் போடுவது உடல்வாகு உள்ள எவருக்கும் சில மாதங்களில் பழகிவிடும். லைன்மேன் வேலையில் கடினமான பாடம் வேறு. தலைக்கு மேலே ஓடும் கம்பியில் மின்சாரம் இல்லை என்பதைத் தானே உறுதிசெய்யாமல் அதன் பக்கம் கை நீட்டக் கூடாது. யார் அவசரப்படுத்தினாலும் அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. இதைப் பொறுமையாகச் சொல்லித்தரும் மூத்த ஆள் எல்லாப் பிரிவு அலுவலகத்திலும் வாய்ப்பார் என்று நம்பி இருக்க முடியாது. அதனால் வேலையில் சேரும் வழியோடு சேர்த்து இதையும் இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

படிப்பும் சான்றிதழும்

தமிழ்நாட்டில் நேரான வழி ஐ.டி.ஐ.தான். பத்தாம் வகுப்பு முடித்தவர் எலக்ட்ரீஷியன் பிரிவில் சேரலாம். எட்டாம் வகுப்போடு நின்றவருக்கு ஒயர்மேன் பிரிவு உண்டு. இரண்டுமே 2 வருடப் படிப்பு. இரண்டுக்கும் தகுதி இருந்தால் எலக்ட்ரீஷியனையே எடுங்கள். மின்வாரிய வேலை தள்ளிப்போனாலும் ரயில்வே, தொழிற்சாலை, வளைகுடா என்று வேறு கதவுகளும் அதற்குத் திறக்கும். தனியார் ஐ.டி.ஐ.யில் பணம் கட்டும் முன் அந்தப் பிரிவுக்கு என்.சி.வி.டி. (தேசிய தொழிற்பயிற்சிக் குழு) அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரி தன் முத்திரையை மட்டும் குத்திக் கொடுக்கும் சான்றிதழ் எந்த அரசுத் தேர்வுக்கும் உதவாது. படிப்பு முடிந்ததும் ஒரு வருடம் அப்ரண்டிஸ் பயிற்சி எடுத்துவிடுங்கள். உதவித்தொகை குறைவுதான், ஆனால் டிரான்ஸ்பார்மரையும் சப் ஸ்டேஷனையும் பக்கத்தில் நின்று பார்க்க அதுபோல இன்னொரு வாய்ப்பு வராது.

ஐ.டி.ஐ. போகாமலே ஒயரிங் வேலை கற்றுக்கொண்டவர்களுக்கு மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு இருக்கிறது. 21 வயதும் 5 வருட அனுபவமும் கேட்பார்கள். அந்தச் சான்றிதழ் வீட்டு ஒயரிங், ஒப்பந்த வேலை பக்கம் பயன்படும். வாரியத்தில் லைன் வேலைக்குச் சேரும் கள உதவியாளர் பதவிக்குக் கேட்பது ஐ.டி.ஐ. சான்றிதழைத்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு தேர்வு நேரத்தில் ஏமாறுபவர்கள் ஏராளம்.

ஆள் எடுக்கும் விதம்

பழைய மின்வாரியம் இப்போது பல நிறுவனங்களாகப் பிரிந்து கிடக்கிறது. ஊருக்குள் லைன் பார்ப்பது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். அதற்கான ஆட்களை டி.என்.பி.எஸ்.சி. தேர்வு செய்கிறது. 2025 செப்டம்பரில் வந்த அறிவிப்பில் கள உதவியாளர் இடங்கள் 1,794. அடிப்படைச் சம்பளம் 18,800 ரூபாயில் தொடங்கும் நிலை. எழுத்துத் தேர்வில் தமிழ்த் தகுதித் தாள், பொது அறிவு, திறனறிவு, பாடத்தாள் என்று இருக்கும். தமிழ்த் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற மதிப்பெண்ணைப் பார்க்கவே மாட்டார்கள். கை வேலையில் கெட்டிக்காரர்கள் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். எழுத்துத் தேர்வில் தேறியவர்களுக்கு உடல் தகுதித் தேர்வு தனி.

அறிவிப்பு வந்தாலே வேலை வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்பு 2,900 கள உதவியாளர் இடங்களுக்கு வந்த அறிவிப்பு 2022-ல் ரத்தானது. அதை மட்டும் நம்பி இரண்டு மூன்று வருடம் சும்மா இருந்தவர்கள் வயதைத்தான் இழந்தார்கள். காத்திருக்கும் காலத்தில் ரயில்வேயின் 25 கே.வி. (1 கே.வி. என்றால் 1,000 வோல்ட்) மேல்நிலைக் கம்பிப் பிரிவுக்கும் விண்ணப்பியுங்கள். முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாலைகளிலும் தென்மாவட்ட சோலார் பண்ணைகளிலும் லைன் பார்க்க ஆள் வேண்டியிருக்கிறது. பணம் கொடுத்தால் வேலை என்று வரும் தரகரிடம் பேச்சே வேண்டாம்.

கேங்மேன் என்ற பதவி தனி. 2019-ல் அதற்கு ஐந்தாம் வகுப்புதான் தகுதி. கம்பத்தில் ஏறி கிராஸ் ஆர்ம் (கம்பியைத் தாங்கும் குறுக்கு இரும்பு) பொருத்திக் காட்டச் சொன்னார்கள். இந்த மாதிரித் தேர்வுக்கு ஜிம்மில் தூக்கும் எடை போதாது. கயிற்றில் ஏறிப் பழகுங்கள், கைப்பிடிக்கு வலு சேர்த்துக்கொள்ளுங்கள், கனமான இரும்பைத் தோளில் வைத்து நூறு மீட்டர் ஓடிப் பாருங்கள். உயர பயம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டு. தெரிந்த ஆள் ஒருவர் துணையோடு, லைன் இழுக்காத வெறும் கம்பத்தில் பெல்ட் போட்டு ஏறி, இரண்டு கையையும் விட்டுவிட்டுப் பத்து நிமிடம் நட்டு போல்ட்டைக் கழற்றி மாட்டுங்கள். ஏறும்போது பயம் தெரியாது. கையை விடும்போதுதான் தெரியும்.

ஒப்பந்த ஆளாகச் சேர்ந்தால்

பலருக்கு முதல் வேலை ஒப்பந்தக்காரரிடம்தான் கிடைக்கிறது. கம்பம் நடுவது, கம்பி இழுப்பது என்று வேலை கற்க நல்ல இடம், சந்தேகமில்லை. ஆனால் சேரும் நாளிலேயே இ.எஸ்.ஐ. எண்ணும் பி.எஃப். எண்ணும் கேட்டு வாங்குங்கள். வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். நிரந்தரப் பணியாளருக்குப் பதிலாகக் கம்பத்தில் ஏற வெளியாள் ஒருவரை வைத்துக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்த வெளியாளாகப் போகாதீர்கள். அடிபட்டால் ‘இவர் யாரென்றே தெரியாது’ என்ற பதில்தான் வரும்.

எல்.சி. வாங்காமல் ஏறாதே

லைனை நிறுத்திவிட்டோம், வேலை செய்யலாம் என்று சப் ஸ்டேஷன் கொடுக்கும் லைன் கிளியரைத்தான் களத்தில் எல்.சி. என்பார்கள். 11 கே.வி. லைனில் கை வைக்க வேண்டுமானால் சப் ஸ்டேஷனில் அந்த பீடரின் (அங்கிருந்து புறப்படும் லைனின்) பிரேக்கரைத் திறந்து, ஐசோலேட்டரை விலக்கி, எல்.சி. எண் கொடுத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். போனில் வாங்கினால் பீடர் பெயரையும் எண்ணையும் திருப்பிச் சொல்லி இரண்டு பக்கமும் எழுதிக்கொள்ள வேண்டும். எல்.சி. யார் பெயரில் வாங்கப்பட்டதோ அவர்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். ‘12 மணிக்கு லைன் போட்டுவிடுவார்கள், அதற்குள் முடித்துவிடு’ என்று நேரம் பேசிக்கொண்டு வேலை செய்வது எங்கேயாவது நடந்தால் அந்தக் கம்பத்தில் ஏறாதீர்கள்.

எல்.சி. வந்துவிட்டது என்பதால் மட்டும் கம்பி செத்துவிடாது. நடப்பில் என்னென்ன தவறுகிறது என்று பார்ப்போம்.

டிரான்ஸ்பார்மரை லைனிலிருந்து பிரிக்கும் ஏபி சுவிட்சின் கைப்பிடியை இறக்கியதும் மூன்று பிளேடும் திறந்துவிட்டதாக எண்ணிக்கொள்வார்கள். துருப்பிடித்த சுவிட்சில் இரண்டு திறந்து ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்பது சகஜம். கீழிருந்து மூன்றையும் தனித்தனியே எண்ணிப் பாருங்கள். சுவிட்ச் முழுதாகத் திறந்தாலும் பீடர் பக்கத் தாடையில் (பிளேடைக் கவ்வும் இடத்தில்) 11 கே.வி. அப்படியே இருக்கும். டிரான்ஸ்பார்மர் கட்டமைப்பில் 11 கே.வி. பக்கத்து எச்ஜி பியூஸ் போட ஏறியவர் எழுந்து நிமிரும்போது தலை அதன் அருகே போய்விடும். பியூஸ் கம்பி ஒன்று மாட்டத்தானே என்று எல்.சி. இல்லாமல் ஏறும் வழக்கத்தில்தான் இந்த விபத்து நடக்கிறது.

அடுத்தது பின்னூட்டு மின்சாரம். கல்யாண மண்டபத்திலோ கடையிலோ சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை ஓட்டினால் அந்த 230 வோல்ட் டிரான்ஸ்பார்மருக்குள் தலைகீழாகப் போகும். 11 கே.வி.யை 433 வோல்ட்டாக இறக்கும் டிரான்ஸ்பார்மரில் ஒரு ஃபேஸ் சுருள் கணக்கு (11,000 வோல்ட்டுக்கு 250) 44 மடங்கு. எதிர்ப்பக்கம் பத்தாயிரம் வோல்ட் ஏறி நிற்கும். சப் ஸ்டேஷனில் பிரேக்கர் திறந்திருப்பதால் இதைத் தடுக்க முடியாது. அதனால்தான் எல்டி (433 வோல்ட் பக்கம்) பியூஸ்களையும் பிடுங்கி வைக்கச் சொல்கிறோம்.

ஒரே கம்பத்தில் இரண்டு பீடர் போனாலோ, விவசாய லைன் ஊர் லைனைக் குறுக்கே தாண்டினாலோ தவறான லைனுக்கு எல்.சி. வாங்கிவிடும் ஆபத்து உண்டு. கம்ப எண்ணைப் படித்துச் சொல்லிச் சரிபாருங்கள். பக்கத்தில் இணையாக ஓடும் லைனிலிருந்து தூண்டப்பட்டு வரும் மின்னழுத்தமும் மேலே நிற்பவரை உதறித் தள்ளப் போதுமானது.

இத்தனைக்கும் ஒரே மருந்து, கம்பியை மண்ணோடு இணைக்கும் எர்த் ராட். முதலில் ஹெச்டி டிடெக்டரை (உயர் அழுத்தக் கம்பியில் மின்சாரம் இருக்கிறதா என்று காட்டும் கருவி) உயிருள்ள லைனில் காட்டி அது வேலை செய்கிறதா என்று பாருங்கள், பிறகு நீங்கள் கை வைக்கப்போகும் லைனில் காட்டுங்கள், திரும்ப உயிருள்ள லைனில் காட்டுங்கள். வீட்டு டெஸ்டரை 11 கே.வி. பக்கம் கொண்டுபோவது தற்கொலை. அடுத்து ராடின் அடிமுனையைக் கம்பத்தின் எர்த் பைப்பிலோ ஈரமண்ணில் ஆழமாக அடித்த முளையிலோ இறுக்குங்கள். அதன் பிறகுதான் கொக்கியைக் கம்பியில் மாட்ட வேண்டும், அருகிலுள்ள கம்பி முதலில். வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், மூன்று ஃபேஸுக்கும் மாட்டுங்கள். கழற்றும்போது இதன் தலைகீழ்: முதலில் கம்பியிலிருந்து, கடைசியில் மண்ணிலிருந்து. வரிசையை மாற்றி மண் பக்கத்தை முதலில் கழற்றினால் கம்பியில் மிச்சமிருக்கும் மின்சாரத்துக்கு உங்கள் கைதான் வழி.

கையில் இருக்க வேண்டியவை

8 அங்குல இன்சுலேட்டட் கட்டிங் பிளேயர், ஸ்பேனர் செட், கிளாம்ப் மீட்டர், கைக்கயிறு, ஹெல்மெட், உடல் முழுதும் பிடிக்கும் பெல்ட். கருவியைக் கீழிருந்து வீசிப் பிடிக்காமல் கயிற்றில் கட்டி இழுங்கள். ரப்பர் கையுறை வாங்கும்போது வகுப்பைப் பாருங்கள்: வகுப்பு 0 என்றால் 1,000 வோல்ட் வரை, வகுப்பு 2 என்றால் 17,000 வரை. தினமும் மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து சுருட்டிக் காற்றை அடைத்து அழுத்திப் பாருங்கள். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் காற்று கசியும், அது குப்பைக்குத்தான். கையுறை போட்டிருக்கிறோமே என்று எர்த் ராடை விட்டுவிடாதீர்கள். ஏணி மூங்கிலாக இருக்கட்டும், அலுமினியம் கூடவே கூடாது. நனைந்த மூங்கிலும் மின்சாரம் கடத்தும்.

முதல் வருடத்தில் செய்யப்போகும் வேலைகள்

பியூஸ் போடுவதுதான் அதிகம். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரின் எல்டி பக்க முழு மின்னோட்டம் 133 ஆம்பியர், 11 கே.வி. பக்கம் 5 ஆம்பியரை ஒட்டி. பியூஸ் அடிக்கடி போகிறதே என்று இரண்டு மூன்று இழை சேர்த்து முறுக்கிப் போடுவது ஊர் வைத்தியம். பிறகு பியூஸ் போகாது, டிரான்ஸ்பார்மர் போகும். சுமையைக் கிளாம்ப் மீட்டரில் ஒவ்வொரு ஃபேஸாக அளந்து, ஒரு ஃபேஸில் மட்டும் ஏறியிருந்தால் வீட்டு இணைப்புகளைப் பிரித்து மாற்றச் சொல்லி ஃபோர்மேனிடம் எழுதிக் கொடுங்கள். டிரான்ஸ்பார்மரை நிறுத்தும்போது முதலில் எல்டி பியூஸ், பிறகு ஏபி சுவிட்ச். சுமையோடு சுவிட்சைத் திறந்தால் தீப்பொறி நீண்டு பிளேடைத் தின்றுவிடும்.

இரண்டு கம்பியை இணைக்கும் துண்டுக் கம்பியான ஜம்பர் வேலையில் அவசரம் கூடாது. அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, இரண்டு கம்பியையும் சேர்த்துப் பிடிக்கும் பி.ஜி. கிளாம்ப்பை இறுக்கமாகப் போடுங்கள். தளர்ந்த ஜம்பர் மாலை நேரச் சுமையில் சூடேறிப் பொறி விடும். 7/3.35 கம்பியை (3.35 மி.மீ. தடிமனில் 7 இழை) இணைப்பவர்கள் மறக்கும் விஷயம் ஒன்று: அதில் 6 இழை அலுமினியம், நடுவில் ஒன்று எஃகு. இழுவையைத் தாங்குவதில் எஃகுக்குப் பெரிய பங்கு. அலுமினியத்தை மட்டும் முறுக்கி விட்டால் கரண்ட் போகும், அடுத்த காற்றில் அறுந்து விழும். இணைப்பு கம்பியின் பலத்தில் 95 சதவீதமாவது தாங்க வேண்டும் என்பது விதி. அதற்கு ஸ்லீவ் (இணைப்புக் குழாய்) போட்டு அழுத்த வேண்டும்.

கம்பம் நடும்போது நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும். 9.14 மீட்டர் கம்பத்துக்கு ஒன்றரை மீட்டர் குழி. பாறை வந்துவிட்டது என்று ஒரு மீட்டரில் நிறுத்தினால் மழையில் சாயும். சாலையைக் குறுக்கே தாண்டும் இடத்தில் 11 கே.வி. கம்பிக்குத் தரையிலிருந்து 6.1 மீட்டர், எல்டிக்கு 5.8 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். கம்பத்தைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியின் இன்சுலேட்டர் தரையிலிருந்து 3 மீட்டருக்குக் குறையாத உயரத்தில்.

பழைய கம்பத்தில் ஏறும் முன் அடிப்பகுதியில் மண்ணைக் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள். இரும்புக் கம்பம் துருப்பிடிப்பது மண்மட்டத்தில்தான், மேலே பெயின்ட் பளபளக்கும். ஒரு பக்கக் கம்பியை அறுத்துவிடப் போகிறீர்கள் என்றால் அறுக்கும் அந்தப் பக்கத்திலேயே தற்காலிக ஸ்டே கட்டாமல் ஏறாதீர்கள். இரண்டு பக்க இழுவையில்தான் அந்தக் கம்பம் நின்றுகொண்டிருக்கிறது. ஒரு பக்கம் விட்டதும் ஆளோடு சேர்ந்து விழும்.

புயல் நாட்களில் வேலை இன்னொரு வகை. 2018 நவம்பரில் கஜா டெல்டாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்களைச் சாய்த்தபோது வெளிமாநில ஆட்களும் வந்து வேலை பார்த்தார்கள். தெரியாத ஊரில், தெரியாத லைனில் எல்.சி. பேசும்போது குழப்பம் இரட்டிப்பாகும், அங்கே உள்ளூர் ஆள் ஒருவர் இல்லாமல் ஏறக் கூடாது. கம்பி அறுந்து தண்ணீரில் கிடந்தால் முதல் வேலை அதை எடுப்பதல்ல. ஆளையும் மாட்டையும் பத்து மீட்டருக்கு அப்பால் நிறுத்தி, ஒருவரைக் காவல் வைத்துவிட்டு சப் ஸ்டேஷனுக்குப் பேசுங்கள். பீடர் ட்ரிப் ஆகியிருக்கிறது (தானே துண்டித்துக்கொண்டது) என்று அவர்கள் சொன்னாலும் கை வைக்காதீர்கள். ட்ரிப் ஆன பீடரைச் சோதித்துப் பார்க்க ஒருமுறை போட்டுப் பார்ப்பார்கள். எல்.சி. எண் கையில் வந்து, எர்த் ராட் மாட்டிய பிறகுதான் அந்தக் கம்பியைச் சுருட்டலாம்.