2ஜேஇசட் இன்ஜினில் 600 குதிரைத்திறன்: பூஸ்ட் கடைசியில்தான்

டொயோட்டா சுப்ரா ஏ80-இல் வரும் 2ஜேஇசட்-ஜிடிஇ இன்ஜினின் வார்ப்பிரும்பு பிளாக்கும் கிராங்க்கும் 600 குதிரைத்திறனைத் தாங்கும். தாங்காதவை அதைச் சுற்றி வயதாகிப்போன ரப்பரும் பெட்ரோல் சிஸ்டமும்தான். டர்போ வாங்கி பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் கூடுதல் காற்றழுத்தம்) ஏற்றும் ஆசையைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று அளப்பது. இன்ஜினைச் சூடாக்கி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆறு பிளக்கையும் கழற்றுங்கள். த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்க ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 1 பாருக்கு மேல் வித்தியாசம் கூடாது. ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்து அடங்கினால் வால்வு ஸ்டெம் சீல் இறுகிவிட்டது. கிராங்க் புல்லியின் ரப்பர் வெடித்திருந்தால் உடனே மாற்றுங்கள், அது பிய்ந்தால் டைமிங் பெல்ட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

அடுத்தது பெட்ரோல். பெரும்பாலான இன்ஜின்கள் செத்துப்போவது இங்கேதான். டர்போ இன்ஜினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.27 கிலோ பெட்ரோல் என்று வையுங்கள். 600-க்கு 162 கிலோ, அதாவது கிட்டத்தட்ட 220 லிட்டர். ஆறாகப் பிரித்தால் ஒரு இன்ஜெக்டருக்கு நிமிடத்துக்கு 610 சிசி. இன்ஜெக்டரை அதன் முழு அளவில் 80 சதவீதத்துக்கு மேல் ஓடவிடக் கூடாது என்பதால் 800 சிசி வேண்டும். கம்பெனியில் வந்தது ஜப்பான் மாடலில் 440, ஏற்றுமதி மாடலில் 550. இ85 (85 சதவீதம் வரை எத்தனால் கலந்த எரிபொருள்) என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகச் செலவாகும். 1,100 சிசிக்குக் குறையாமல் போடுங்கள்.

பம்ப் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை நம்பாதீர்கள். 3 பார் அடிப்படை அழுத்தத்துடன் 1.5 பார் பூஸ்ட் சேர்ந்தால் பம்ப் தள்ள வேண்டியது 4.5 பார். அந்த அழுத்தத்தில் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். பழைய மெல்லிய வயரில் வோல்டேஜ் இறங்கினாலும் பெட்ரோல் குறையும். பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், ரிலே வைத்துத் தனி வயர் இழுப்பது அவசியம்.

டர்போ விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஜப்பான் மாடலின் இரட்டை டர்போவில் டர்பைன் சக்கரம் செராமிக்; 1.2 பாருக்கு மேல் ஏற்றினால் உடையும். 600-க்கு 62 முதல் 66 மி.மீ. கம்ப்ரசர் உள்ள ஒற்றை டர்போ போதும். ஆயில் திரும்பும் குழாய் 16 மி.மீ. உள்விட்டத்துடன், எங்கும் மேலேறாமல் சம்ப் (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) வரை இறங்க வேண்டும். நடுவில் வளைந்து தேங்கினால் ஆயில் சீல் வழியே கசியும். பழி பாவம், டர்போ மீது விழும்.

கம்ப்ரஷன் நன்றாக இருந்தால் இன்ஜினின் அடிப்பாகத்தைப் பிரிக்காதீர்கள். பிரித்தே ஆக வேண்டுமென்றால் 86 மி.மீ. போருக்கு (சிலிண்டர் விட்டத்துக்கு) முதல் ரிங்கின் முனைகளுக்கு இடையே இடைவெளி சுமார் 0.5 மி.மீ. இருக்கட்டும், பிஸ்டனுடன் வரும் அட்டவணையில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி. இடைவெளி போதாமல் போனால், சூட்டில் ரிங் நீண்டு முனைகள் முட்டி, பிஸ்டனின் ரிங் விளிம்பு உடையும்.

டியூனிங்குக்குத் தனி ஈசியூவும் (இன்ஜினை இயக்கும் கணினி) காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சாரும் வேண்டும். பிளக் ஒரு படி குளிர்ந்த வகை (சூட்டை வேகமாக வெளியேற்றுவது), இடைவெளி 0.7 மி.மீ. இக்னிஷன் டைமிங்கைப் பின்தள்ளி 0.7 பார் பூஸ்டில் தொடங்கி, ஃபுல் த்ராட்டிலில் காற்று-பெட்ரோல் விகிதம் 11.5 அருகே நின்றால் மட்டும் 0.2 பார் ஏற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் போலக் கறுப்போ, அலுமினியப் பொடியோ தெரிந்தால் இன்ஜின் நாக் ஆகியிருக்கிறது (பெட்ரோல் கலவை கட்டுப்பாடில்லாமல் தானாக வெடித்திருக்கிறது). டைமிங்கைக் குறைக்காமல் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள்.