லீஸ் காரில் டொக்கு விழுந்தால்

என் லீஸ் காரின் பின்கதவில் ஒரு நாள் டொக்கு விழுந்திருந்தது. பக்கத்தில் நிறுத்தியவர் கதவைத் திறக்கும்போது இடித்திருக்க வேண்டும். உள்ளங்கை அகலம், ஆழம் அதிகமில்லை. அன்றைக்கே பட்டறையில் விட்டுவிடலாம் என்றுதான் கை பரபரத்தது. விடாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. சொந்தக் கார் என்றால் நம் இஷ்டம். லீஸ் கார் இன்னொருவர் சொத்து, காலம் முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். யார் தொடலாம், எப்படித் தொடலாம் என்று லீஸ் கம்பெனிக்காரர்கள் எழுதி வைத்திருப்பார்கள்.

அதனால் முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். சாதாரணத் தேய்மானம் என்று எதை ஏற்கிறார்கள்? சில ஒப்பந்தங்களில் டொக்கு எத்தனை மில்லிமீட்டர் வரை இருக்கலாம், ஒரு பாகத்தில் எத்தனை இருக்கலாம் என்றுகூடப் போட்டிருக்கும். அந்த அளவுக்குள் இருந்தால் ஒன்றுமே செய்ய வேண்டாம். அவர்கள் சொல்லும் பட்டறையில்தான் பழுது பார்க்க வேண்டுமா, இடித்ததை உடனே தெரிவிக்க வேண்டுமா என்பதையும் பாருங்கள்.

அப்புறம் டொக்கைப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் அதன் அளவைத்தான் பார்க்கிறார்கள். பெயின்ட்தான் முக்கியம். காரைக் கழுவித் துடைத்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி நின்று உற்றுப் பாருங்கள். விரல் நகத்தால் மெதுவாகத் தடவுங்கள். நகம் எங்கேயும் மாட்டாமல், விரிசலும் இல்லாமல் இருந்தால் உங்களுக்கு நல்ல வழி இருக்கிறது: பெயின்ட் அடிக்காமல் டொக்கு எடுப்பது. தகட்டின் பின்பக்கம் கம்பியை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக உந்துவார்கள். பின்னால் கம்பி போக வழியில்லை என்றால் வெளியே பசை ஒட்டி இழுப்பார்கள். தொழிற்சாலையில் அடித்த கம்பெனி பெயின்ட் அப்படியே நிற்கும். லீஸ் காருக்கு இதைவிடச் சிறந்தது கிடையாது என்பது என் திடமான கருத்து.

காரணம் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கும்போது பரிசோதிக்க வருபவர் கையில் பெயின்ட் கனத்தை அளக்கும் கருவி இருக்கலாம். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கும். பள்ளத்தை நிரப்பும் பட்டி பூசி மேலே பெயின்ட் அடித்த இடம் அதைப்போலப் பல மடங்கு காட்டும். மெட்டாலிக் நிறமாக இருந்தால் கருவியே வேண்டாம். நிறம் லேசாக மாறியிருப்பது வெயிலில் தெரிந்துவிடும். மட்டமாகச் செய்த பழுதுக்கு, டொக்கை அப்படியே விட்டதைவிட அதிகமாகக் கட்ட வேண்டி வரலாம்.

ஆனால் கதவின் விளிம்பிலோ கூரான மடிப்புக் கோட்டிலோ விழுந்த டொக்குக்கு இந்த முறை எப்போதும் சரிப்படாது. அலுமினியத் தகடு இரும்பைப்போல எளிதில் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. அதில் பழகிய கை வேண்டும். பம்பர் பிளாஸ்டிக், அது தனிக் கதை. அதன் பின்னால் மற்ற வண்டிகளை உணரும் ரேடார் இருந்தால் பட்டியும் தடித்த பெயின்டும் அதன் வேலையைக் கெடுக்கலாம், கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

வெந்நீர் ஊற்று, ஹேர் டிரையரால் சூடாக்கி ஐஸ் வை என்று சொல்லும் வீடியோக்களைப் பார்த்துத் தயவுசெய்து உங்கள் காரில் சோதிக்காதீர்கள். தகட்டு டொக்கு அப்படி எழும்புவது அபூர்வம். பெயின்ட் வெடித்துவிட்டால் மேலே சொன்ன நல்ல வழியும் அடைபட்டுவிடும்.

பெயின்ட் பெயர்ந்து இரும்பு தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள், துரு காத்திருக்காது. பெயின்ட் முழுசாக இருந்து, ஒப்பந்தமும் அவசரப்படுத்தவில்லை என்றால் பொறுங்கள். அதே கதவில் இன்னொரு டொக்கு விழாது என்று யார் சொல்ல முடியும்? ஆனால் கடைசி வாரம் வரை விடாதீர்கள். இன்சூரன்ஸில் போவதானால் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு, இழக்கும் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி), திருப்பும்போது வசூலிக்கப்படும் தொகை, பட்டறைச் செலவு நான்கையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். சின்ன டொக்குக்குக் கிளெய்ம் பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

நான் லீஸ் கம்பெனிக்குப் போட்டோவுடன் மெயில் அனுப்பி, எழுத்தில் சம்மதம் வாங்கி, திருப்புவதற்கு இரண்டு மாதம் முன்பு கம்பி முறையில் எடுத்தேன். கதவுக் கண்ணாடி இடுக்கு வழியாகவே வேலை முடிந்தது. பில்லையும் முன்-பின் போட்டோக்களையும் பரிசோதகர் வந்தபோது கையில் வைத்திருந்தேன். அவர் கதவைச் சாய்ந்து பார்த்தார், கருவியை வைத்தார், அடுத்த கதவுக்குப் போய்விட்டார்.