பெங்களூரில் வீட்டோடு ஒட்டாத பட்டறைக் கொட்டகை: குறைந்த செலவில் கட்டும் முறை

ஒரு சிறிய காரை நிறுத்தவும், விடுமுறை நாளில் அதை வெளியே எடுத்துவிட்டு மரவேலையோ வெல்டிங்கோ செய்யவும் 10 அடி அகலமும் 16 அடி நீளமும் கொண்ட கொட்டகை போதும். 40-க்கு 60 மனையில் வீடு கட்டியவர்களுக்கே இதற்கு இடம் கிடைக்கும். அப்போதும் அனுமதி பெற்ற வரைபடத்தை முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும். வரைபடத்தில் செட்பேக் என்று வீட்டைச் சுற்றிக் காலியாக விட்ட இடத்தில் கூரை போட்டுவிட்டுப் பிறகு இடிப்பதைப்போல் வீண்செலவு வேறில்லை.

செலவைக் குறைக்கச் சுவரில் குறைக்கலாம், கதவில் குறைக்கலாம்; தரையிலும் கூரையிலும் எர்த்திலும் குறைக்கக் கூடாது. இதை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றேன். ராமமூர்த்தி நகரில் நான் போட்ட முதல் கொட்டகையின் தரை, முற்றத்தின் மட்டத்திலேயே இருந்தது. அந்த அக்டோபரில் ஒரே இரவு மழையில் தண்ணீர் உள்ளே வந்து, கீழ்த்தட்டில் வைத்திருந்த இழைப்புளியின் இரும்பு இரண்டு நாளில் துருவேறிப் போயிற்று.

ஆகவே இம்முறை சுற்றிலும் சைஸ் கல் (அளவாக உடைத்த கருங்கல்) வைத்து, தரையை முற்றத்தைவிட ஓரடி உயர்த்தி, காருக்கு முன்புறம் சாய்தளம் விட்டேன். உள்ளே மண்ணைக் கொட்டித் தண்ணீர் விட்டு நன்றாக இடித்து இறுக்கி, அதன்மேல் கனமான பாலித்தீன் தாள் விரித்து, பிறகு நான்கு அங்குலக் கனத்தில் கான்கிரீட் போட வேண்டும். தாளை விட்டுவிட்டால் தரை ஈரம் ஏறிக் கருவிகள் துருப்பிடிக்கும். 160 சதுர அடிக்கு நான்கு அங்குலம் என்றால் ஏறக்குறைய ஒன்றரை கனமீட்டர் வரும்; ஒன்றுக்கு ஒன்றரை, மூன்று என்ற கலவையில் எம்-சாண்டும் ஜல்லியும் சேர்த்தால் 12 மூட்டை சிமெண்ட் பிடிக்கும். வாசலை நோக்கி எட்டடிக்கு ஓர் அங்குலச் சரிவு வேண்டும் என்பதை மேஸ்திரியிடம் வாயால் சொன்னால் மட்டும் போதாது. ட்யூப் லெவலில் தண்ணீர் நிரப்பி இரு மூலையிலும் பிடித்துக் குறி போட்ட பிறகே கலவையைக் கொட்டச் சொல்லுங்கள். மறுநாள் முதல் ஏழு நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். கொத்தனார் மூன்று நாள் போதும் என்பார்; கேட்க வேண்டாம்.

சுவரை முழு உயரத்துக்கு எழுப்பத் தேவையில்லை. ஆறு அங்குல சாலிட் பிளாக்கில் மூன்றடி மட்டும் கட்டினால், எட்டடி வாசல் போக ஏறக்குறைய 150 கல்லில் முடிந்துவிடும். அதற்குமேல் இரண்டு அங்குலச் சதுரக் குழாய்த் தூண்களில் தகரம் அடைத்தால் செலவு பெரிதும் குறைகிறது.

கூரைக்கு ஒருபக்கச் சரிவே நல்லது: உயர்ந்த பக்கம் ஒன்பதடி, தாழ்ந்த பக்கம் எட்டடி. அகலம் பத்தடிதான் என்பதால் 12 அடி ஷீட்டைக் கேட்டு வாங்கினால், நடுவில் இணைப்பே இல்லாமல் இருபுறமும் ஓரடி வெளியே நீளும். ஒழுக்கு பெரும்பாலும் அந்த இணைப்பில்தான் தொடங்கும். ரப்பர் வாஷர் உள்ள திருகை ஷீட்டின் மேட்டில் அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடும் வழியிலேயே துளை போட்டதாகிவிடும். தாழ்ந்த பக்கம் பக்கத்து வீட்டு மதிலை நோக்கி இருக்கவே கூடாது. இவ்வூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 970 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. வெளிநீட்டத்தோடு 216 சதுர அடிக் கூரையில் அது 19,000 லிட்டருக்குமேல் ஆகும். அவ்வளவையும் அடுத்தவர் முற்றத்தில் விட்டால் எந்த அண்டை வீட்டாரும் பொறுக்க மாட்டார். கூரை விளிம்பில் ஒரு தகர வாய்க்காலும் கீழே பழைய டிரம்மும் வைத்துவிடுங்கள், செடிக்கு ஆகும்.

கதவுக்கும் மேசைக்கும் புது மரம் வாங்குவது வீண். பழைய வீடுகள் நாள்தோறும் இடிபடும் ஊர் இது. இடிப்பு மரம் விற்கும் கடைகளில் இங்கே ஹொன்னெ என்று சொல்லும் நம் வேங்கை மரக் கதவுகளே கிடைக்கின்றன. பெயின்டின் பளபளப்பைப் பார்க்காமல், கதவைத் திருப்பி அடிப்பக்கத்தில் ஆணியால் குத்திப் பாருங்கள். ஆணி சுலபமாக இறங்கினால் உள்ளே கரையான் தின்றிருக்கிறது. வைஸ், சுத்தியல் போன்றவற்றைச் சிவாஜிநகர் குஜிரியில், அதாவது பழைய சாமான் சந்தையில், தேடலாம். பெஞ்ச் வைஸை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இரு தாடைகளுக்கிடையே ஒளி கசிவது தெரியும். ஒரு பக்கம் மட்டும் கசிந்தால் வாங்காதீர்கள். மின்கருவியைப் பழையதாக வாங்க நான் துணியவில்லை.

மின்சாரம் வீட்டிலிருந்து தனி எம்.சி.பி. (லோடு மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) வழியாக வர வேண்டும். நான்கு சதுர மில்லிமீட்டர் ஆர்மர்டு கேபிளை இரண்டரை அடி ஆழத்தில் புதைத்து, கொட்டகைக்குள் மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைத்து, 16 ஆம்பியர் சாக்கெட்டுகளுக்கு இரண்டரை சதுர மில்லிமீட்டர் கம்பி இழுக்கச் சொல்லுங்கள். தகரச் சுவரும் இரும்புத் தூணும் உள்ள இடம் என்பதால் அவற்றையும் எர்த்தோடு இணைக்க வேண்டும். வெல்டிங் மெஷின் வைக்கும் எண்ணமிருந்தால், இவ்வூர் மின்வாரியமான பெஸ்காம் உங்களுக்கு அனுமதித்த லோடு எவ்வளவு என்பதை மின்கட்டண ரசீதில் பார்த்த பிறகு வாங்குங்கள்.

கடைசியாக மேசை. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுவே மேசையின் உயரம். எனக்கு 34 அங்குலம் வந்தது. என் தம்பிக்கு 36.